லீவில் இருந்தவனைக் கூப்பிடச் சொன்ன நாள்

புதிதாகச் சுகாதார ஆய்வாளர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஓடை எங்கே அடைக்கும், குப்பை லாரி எந்தச் சந்தில் திரும்பாது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு மழைக்காலம் போனால் அது தானாகத் தெரிந்துவிடும். உங்களில் பலர் மட்டாஞ்சேரியிலும் சுள்ளிக்கல்லிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் யாராவது ஒருவர் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்திருப்பார். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் படிப்பீர்கள் அல்லவா, அதற்காக.

விடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைப் பேற்றுக்கான விடுப்பு, பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குக் கிடைக்கும் விடுப்பு, இதெல்லாம் சம்பளத்தோடு உண்டு என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதை மனுவாக எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவது சுலபம். அதற்கு ஆய்வாளர் தேவையில்லை. விடுப்பு தொடங்கிய பிறகு, அலுவலகத்துக்கு ஒரு நெருக்கடி வந்து, மேலிருந்து ஃபோன் வரும்போதுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. எனக்கு அப்படி ஒரு ஃபோன் வந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்.

அப்போது எங்கள் சர்க்கிளில், அதாவது என் பொறுப்பில் இருந்த வட்டாரத்தில், செல்வராஜ் என்று ஒருவன் இருந்தான். ஓடை அடைப்பை உயர்ந்த அழுத்தத்தில் நீர் பாய்ச்சி உடைக்கிற வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை இயக்குவது அவன்தான். சுள்ளிக்கல்லில் வீடு. அவன் மனைவி மாரீஸ்வரி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கலியாணமாகி இங்கே வந்தவளுக்கு மலையாளம் பேசவே பயம், கடையில் கைகாட்டித்தான் சாமான் வாங்குவாள். தாய் இல்லை. செல்வராஜின் தாயும் போய்ச் சேர்ந்திருந்தாள். பிரசவத்துக்கு வந்து நிற்க இரண்டு பக்கமும் ஆள் கிடையாது.

எட்டாம் மாதம் நடக்கும்போதே அவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“மேடம், கொழந்த பொறந்தா ஆம்பளைக்கும் லீவு உண்டுன்னு பறையறாங்க. அது எடுத்தா பின்னாடி ஒண்ணும் கொழப்பமில்லையே?”

உண்டு, சம்பளத்தோடு உண்டு, எடுத்தால் ஒரு குழப்பமும் இல்லை என்றேன். பக்கத்தில் லாரி டிரைவர் குமரேசன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். பெறுவது அவளா இவனா என்று கேட்டுச் சிரித்தான். நின்றவர்களும் சிரித்தார்கள். செல்வராஜ் முகம் சிவந்து வெளியே போய்விட்டான். நான் குமரேசனிடம், உனக்கும் அந்த விடுப்பு இருந்தது, எடுக்காமல் விட்டது உன் விருப்பம் என்று மட்டும் சொன்னேன். வாக்குவாதம் செய்து ஒருவனின் சிரிப்பை நிறுத்த முடியாது என்பது அத்தனை வருட வேலையில் எனக்குத் தெரிந்திருந்தது.

குழந்தை நாள் பார்த்து வரவில்லை. எட்டாம் மாதம் முடியும் முன்பே ஒரு காலையில் மாரீஸ்வரிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு எறணாகுளத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னது. தாய் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மகள் சிசுப் பிரிவிலுமாக இரண்டு தளங்களில் கிடந்தார்கள். செல்வராஜ் எனக்கு ஃபோன் செய்தபோது அவன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றே விடுப்பு அனுமதியானது.

அதற்கு அடுத்த வாரம் அந்த மழை வந்தது.

நம் மட்டாஞ்சேரியில் மழை தனியாக வந்தால் பயமில்லை. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால்தான் தண்ணீருக்குப் போக இடமிருக்காது. அன்று விடியும்போது, யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் பக்கத்துச் சந்துகளில் முழங்கால் அளவு நின்றது. சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருக்கிற கிட்டங்கிகளின் வாசற்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. வியாபாரிகள் என்னைக் கூப்பிட்டார்கள், கவுன்சிலரைக் கூப்பிட்டார்கள், கவுன்சிலர் என் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஓடையின் மேல் இருக்கும் கல்பாலத்துக்கு அடியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பது தண்ணீர் சுழல்கிற விதத்திலேயே தெரிந்தது. அதை உடைக்கிற வண்டி எங்கள் கொட்டகையில் நின்றது. வண்டியை இயக்குபவன் மருத்துவமனையில் இருந்தான்.

மேலதிகாரி கெட்டவர் அல்ல. அவரைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஊழியர்களின் பிள்ளைகள் படிப்புக்குத் தன் கைக்காசு கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று காலை அவருக்கு மூன்று பக்கமிருந்தும் ஏச்சு விழுந்துகொண்டிருந்தது. விடுப்பு உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, சேவை நெருக்கடியில் யாரையும் திரும்ப அழைக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, அவனை ஒரே ஒரு நாளைக்கு வரச் சொல்லு, அந்த நாளைப் பிறகு அவனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். விதியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. செல்வராஜின் ஃபோன் அணைந்திருக்கிறது என்றேன். அப்படியென்றால் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கூட்டி வா என்றார்.

போனேன். கூட்டி வருவதென்றோ வருவதில்லை என்றோ அப்போது நான் முடிவு செய்திருக்கவில்லை. அங்கே என்ன நிலைமை என்று தெரியாமல் ஜீப்பில் உட்கார்ந்தபடி முடிவு செய்ய எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். குமரேசன்தான் ஓட்டினான். தோப்பும்படிப் பாலம் ஏறும்வரை சக்கரத்தின் பாதி தண்ணீரில்தான் ஓடியது. வழி முழுக்க அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பெண்டாட்டி பெற்றதற்கு இவன் போய்க் கிடக்கிறான், நாம் நனைகிறோம் என்பது அவன் கட்சி. 

சிசுப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே விட மாட்டோம், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஒரு நர்ஸ். பார்த்தேன்.

செல்வராஜ் ஒரு சாய்வு நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் நெஞ்சோடு சேர்த்து ஒரு துணியால் குழந்தையைக் கட்டியிருந்தார்கள். கம்பளித் தொப்பி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு கன்னம். சேற்றிலும் இரும்பிலும் காய்த்துப்போன அவனுடைய கை அந்தத் துணியின் மேல் விரிந்திருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவன் கண் மூடியிருந்தது. தூங்குகிறானோ என்று நினைத்தேன். உதடுகள் அசைந்தன. ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் மலையாளத்தில் எனக்கு விளக்கினார். குறைமாதக் குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்பதில்லை, மூச்சும் அவ்வப்போது மறந்து மறந்து வருகிறது. பெற்றவர் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடந்தால் சூடும் நிற்கிறது, மூச்சும் சீராகிறது. தாயால் இப்போது கையைக்கூடத் தூக்க முடியாது. அதனால் தகப்பன்தான் செய்கிறார். குளித்துவிட்டு வருவார், உட்காருவார், நாங்கள் எழுப்பினால் மட்டும் எழுந்து போய்ச் சாப்பிடுவார். ஃபோனை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதால் அணைத்து வைத்திருக்கிறார்.

ஒரு நாளைக்கு அவர் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். கேட்க வேண்டியிருந்தது. நர்ஸ் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என் நனைந்த புடவையைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்திருக்க வேண்டும். எங்களால் ஆனதைச் செய்வோம், இயந்திரம் இருக்கிறது என்றார். ஆனால் நேற்று அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் குழந்தைக்கு மூச்சு நின்று, தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

எனக்குப் பின்னால் குமரேசன் எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. அவனும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். மழை சாரலாக உள்ளே அடித்தது. அங்கே நின்றபடி யோசித்ததை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். முதலில் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்தேன். கடல் ஏறி நிற்கிறது. மதியம் தாண்டித்தான் இறங்கத் தொடங்கும். செல்வராஜ் இந்த நிமிடமே வந்து அடைப்பை உடைத்தாலும் தண்ணீர் அதுவரை அசையப் போவதில்லை. கடல் இறங்கும் நேரத்தில் அடைப்பு திறந்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு உண்மையில் தேவை. அதற்கு அந்த வண்டியை இயக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். செல்வராஜ்தான் வேண்டும் என்பதில்லை. பிறகு, நான் எதற்காக அனுப்பப்பட்டேன் என்று யோசித்தேன். சாயங்காலம் கவுன்சிலரிடம், ஆளைக் கூட்டி வந்துவிட்டோம் என்று சொல்வதற்காக. கூட்டி வராவிட்டால், ஆள் விடுப்பில் போய்விட்டான் என்று சொல்வதற்காக. இரண்டில் எது நடந்தாலும் அவன் பெயர்தான் அடிபடும்.

மேலதிகாரியை ஃபோனில் அழைத்தேன். புறப்பட்டாயிற்றா என்று கேட்டார். செல்வராஜ் வரவில்லை என்று சொன்னேன்.  அவன் மறுத்துவிட்டானா என்றார். அது ஒரு வழி. ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் தலை தப்பியிருக்கும்.

“அவன்கிட்ட நான் கேக்கவே இல்ல சார். கேக்க வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணேன்” என்று மலையாளத்தில் சொன்னேன். இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தருகிறேன் என்றேன். ஃபோனை வைத்துவிட்டார்.

அடுத்து இடக்கொச்சி சர்க்கிளில் இருந்த ஜோசப்பைக் கூப்பிட்டேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆய்வாளர். அவரிடமும் அடைப்பு உடைக்கும் வண்டி ஒன்று உண்டு, அதை இயக்க ஆளும் உண்டு. அவருக்கும் அன்று தலைக்கு மேல் வேலை. இங்கே மீன்பிடிக்காரர்களின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, உனக்கு ஆளனுப்பினால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கத்தினார்.  அவர் பகுதியில் தண்ணீர் நேராகக் காயலுக்குப் போகும் திறந்த தோடு, அதாவது வாய்க்கால்தான் அதிகம். அதற்கு வண்டியைவிட மண்வெட்டி பிடிக்கும் கைகள்தான் தேவை. என் ஆட்களில் பத்துப் பேரை லாரியில் ஏற்றி இப்போதே அனுப்புகிறேன், மதியத்துக்கு மேல் உங்கள் ஆப்பரேட்டரை மட்டும் எனக்குக் கொடுங்கள், வண்டி என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் கேட்டார், “நிங்ஙளுடெ ஆள் எவிடெ?” உங்கள் ஆள் எங்கே என்று. சொன்னேன். ஜோசப் அதற்குப் பிறகு கத்தவில்லை. சரி, உன் பத்துப் பேரை அனுப்பு என்றார்.

பத்துப் பேரை அனுப்பிவிட்டு மீதமிருந்தவர்களோடு நான் கல்பாலத்துக்குப் போனேன். கிட்டங்கிக்காரர்கள் என்னைச் சுற்றி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மூட்டைகளை மேலே ஏற்ற என் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பெண் துப்புரவாளர்கள் சாக்கு மூட்டையைத் தலையில் தூக்கிப் படியேறியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. மதியம் கடந்து இடக்கொச்சி ஆப்பரேட்டர் வந்து சேர்ந்தார். எங்கள் வண்டி அவருக்குப் பழக்கமில்லாததால் முதலில் திணறினார். குழாயைப் பிடிக்க யாராவது வேண்டுமென்றார். யாரையும் நான் கூப்பிடுமுன்பே குமரேசன் சட்டையைக் கழற்றி ஜீப்புக்குள் எறிந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். டிரைவருக்கு அது வேலையே இல்லை. பாலத்துக்கடியிலிருந்து ஒரு பழைய மெத்தையும், சுற்றிச் சுருண்ட வலையும், சொல்ல முடியாத குப்பையும் வந்தன. கடல் இறங்கத் தொடங்கியபோது வழி திறந்திருந்தது. இருட்டுவதற்குள் தெரு தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிட்டங்கியின் பின்கட்டில் அடியில் இருந்த சுக்கு மூட்டைகள் நனைந்து கெட்டுப்போயின. அதன் சொந்தக்காரர் பரம்பரையாக வியாபாரம் செய்பவர், நியாயமான மனிதர். என் முகத்துக்கு நேராக, உங்கள் ஆளைக் கூட்டி வந்திருந்தால் என் சரக்கு தப்பியிருக்கும் என்றார். கடல் இறங்காமல் எந்த ஆள் வந்தும் பயனில்லை என்று நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை. அவர் நஷ்டம் உண்மையான நஷ்டம். நீங்கள் இப்படி ஒரு முடிவு எடுக்கும்போது அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க நேரலாம். அவர் எதிரில் போய் நிற்க உங்களுக்குத் தெம்பு வேண்டும். ஒளிந்துகொள்ளக் கூடாது.

அந்த வாரமே எனக்கு மெமோ வந்தது. உத்தரவை ஏன் நிறைவேற்றவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்கிடையே இன்னொரு சிக்கல். தகப்பனுக்கான விடுப்பு முடியப் போகிறது, குழந்தை இன்னும் மருத்துவமனையில் இருக்கிறது. மாரீஸ்வரி கண் திறந்து பேசத் தொடங்கியிருந்தாள், ஆனால் எழுந்து உட்காரவே இருவர் பிடிக்க வேண்டும். செல்வராஜுக்கு அவனே சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு கணக்கில் இருந்தது. அதைத் தொடர்ந்து போட்டுக்கொள் என்று நான் சொல்லி அனுப்பினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட மறுத்தார். இந்த ஆளால்தான் இத்தனை பிரச்சினை, மழைக்காலம் முடியட்டும் என்றார்.

நான் அவர் அறையில் எதிரே உட்கார்ந்தேன். வெளியே போ என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வேறு கோப்புகள் வந்தன, ஆட்கள் வந்து போனார்கள், சாயா வந்தது, எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். கடைசியில், உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, வண்டியை இயக்க என் ஆட்களில் இன்னும் இரண்டு பேருக்கு இந்த வாரமே பயிற்சி கொடுக்க வேண்டும், ஜோசப்பின் ஆள் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒருவனை நம்பி ஒரு ஊரை விட்டிருந்தது நம் ஏற்பாட்டின் குறை, அவன் குறையல்ல. இரண்டு, அந்தக் கையெழுத்து.

“மெமோ எனக்குத்தானே சார். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அவன் லீவை அதோட கட்டிப்போடாதீங்க.”

 அவர், அந்தக் குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதல் முறையாகக் கேட்டார். எடை ஏறத் தொடங்கியிருக்கிறது, மூச்சு இரண்டு மூன்று நாளாக மறக்கவில்லை என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மெமோவை மட்டும் திரும்பப் பெறவில்லை. என் விளக்கத்தில் நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: செல்வராஜைக் கூப்பிடவில்லை, அது என் தீர்மானம், இதே நிலைமை மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன். கண்டனம் என்று என் பணிப் பதிவில் ஏறியது. அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு எனக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் போய் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன், ஓடைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்து, மாரீஸ்வரி சுவரைப் பிடித்தாவது நடக்கத் தொடங்கிய பிறகுதான் செல்வராஜ் வேலைக்குத் திரும்பினான். ஆள் பாதியாகியிருந்தான். அன்று காலை கொட்டகையில் யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். நேராக என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், நான் ஒண்ணு எழுதித் தர்றேன். ஃபோன் ஆஃப் பண்ணி வச்சது என் தப்புதான்னு. அன்னிக்கு நீங்க வந்து நின்னது எனக்கு அறியவே அறியாது. விளிச்சிருந்தா நான் வந்திருப்பேன் மேடம்.”

வந்திருப்பான். அது எனக்குத் தெரியும். அவன் அப்படிப்பட்டவன்தான். அதனால்தான் அவனை நான் கூப்பிடவில்லை.

“ஒண்ணும் எழுத வேண்டாம்” என்றேன். “நீ லீவுல இருந்தே. லீவுல இருக்கிறவன் ஃபோன் ஆஃப் பண்ணலாம்.”

 அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மகளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லை, அவள் தாய் எழுந்து நடக்கட்டும், அவளே வைக்கட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வைக்கப் போகிறார்களாம், நான் வர வேண்டுமாம்.

வருகிறேன் என்றேன். அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது, செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு சுள்ளிக்கல் பக்கம் போகச் சொன்னேன். போனான்.